மூச்ச இழுத்துப் புடிங்க

அவினாசி ரோட்டில், மேம்பாலத் தூணுக்குப் பின்னால்
எங்கள் எக்ஸ்ரே சென்டர்.
முன்வாசலில் விசாக்காரர்கள்,
பக்கவாசலில் மற்றவர்கள்.
மெஷின் ஒன்றுதான்.

தாடையப் பலகைமேல வைங்க,
தோள முன்னால தள்ளுங்க,
மூச்ச இழுத்துப் புடிங்க.
பதினேழு வருடமாக நாளைக்கு எழுபது பேரிடம்
இதையே சொல்கிறேன்.
'விடுங்க' என்று சொல்ல ஒருநாள் மறந்துபோனேன்.
சூலூர்க்காரர் ஒருவர்
முகம் கறுக்க நின்றுகொண்டிருந்தார்.

தாரகேஸ்வரி, இருபத்தொன்பது, நர்ஸ், காங்கேயம்.
வலது நுரையீரலின் உச்சியில்
கொத்துமல்லி விதை அளவு ஒரு தழும்பு.
"சின்ன வயசுல ஏதாச்சும்?"
"எங்கய்யன் ஸ்பின்னிங் மில்லுங்க.
ஊட்டுல இருமுனது அவருதான்.
பஞ்சுத் தூசின்னு சொல்லிக்கிட்டோம்."

அவள் போகவிருந்த நாட்டில்
வருடத்துக்கு, லட்சம் பேரில் ஐந்து பேருக்குத்தான் வருமாம்.
அந்த ஐந்திலும் நான்கு
விமானத்தில் வந்து இறங்கியதாம்.
ஆகவே அந்த நாட்டின் எல்லையைக்
கடலில் போடவில்லை.
இங்கே, லட்சுமி மில் சிக்னலுக்கு அந்தாண்டை,
இந்தப் பெண்ணின் மூன்றாம் விலா எலும்புக்கு மேலே
போட்டிருக்கிறார்கள்.

மூன்று காலை, மூன்று டப்பா சளி.
அப்புறம் எட்டு வாரம்
ஏதாவது முளைக்கிறதா என்று பார்ப்பார்கள்.
அவள் சிரித்தாள்:
"எங்க காட்டுல எள்ளு வெதைச்சா
நாலு நாள்ல தெரிஞ்சிருமுங்க."

அடகு வைத்த நகைக்கு வட்டி ஓடியது.
பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வந்து
விசா ஏஜென்சி பேனரைக் கிழித்தது.
ஒன்றும் முளைக்கவில்லை.
போனாள்.

அதே ஆடியில், பக்கவாசலில், சனாதன் நாயக்.
பல்லடம் பக்கம் ஓ.இ. மில்.
ஹாஸ்டல் அறைக்குப் பதினாறு பேர்.
படம் திரையில் வந்ததும்
எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன்.
இரண்டு பக்கமும் தேன்கூடு.
கூட்டிவந்த சூப்பர்வைசர்
கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்:
"டஸ்ட்டுங்க. புதுப் பசங்களுக்கெல்லாம் இதேதான்."

மாத்திரை இலவசம். பதிவேடு உண்டு.
ஹெல்த் விசிட்டர் ரமீஜா
மறுநாள் காலை ஸ்கூட்டரில் பல்லடம் போனார்.
பாய் சுருட்டி வைத்திருந்தது.
ராத்திரியே தன்பாத் எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்டார்களாம்.
மேனேஜரோடு என்ன பேசினாரோ தெரியாது,
ஞாயிற்றுக்கிழமை மீதிப் பதினைந்து பேரும்
கம்பெனி வேனில் வந்து இறங்கினார்கள்,
குளித்து, எண்ணெய் வைத்து, வகிடெடுத்து,
போட்டோ எடுக்க வந்தவர்கள்போல.
மூச்ச இழுத்துப் புடிங்க என்றேன்.
தமிழ் தெரியாது. என்னைப் பார்த்து
நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

இரண்டு வருடம் கழித்துத் தாரகேஸ்வரியின் குரல்,
வாட்ஸப்பில், நடுராத்திரியில்:
"அண்ணா, இங்க நெஞ்சு வார்டுலதான் போட்டிருக்காங்க.
எனக்கு வந்த மொத டி.பி. கேசு எம்பத்தாறு வயசுத் தாத்தா.
இந்த ஊரத் தாண்டி எங்கயும் போனதில்ல.
அஞ்சு வயசுல அவங்கம்மா இருமுனாங்களாமா.
எம்பது வருசம் தூங்கீட்டு இப்பத்தான் எந்திரிச்சிருக்குது.
அவரு கூடச் சீட்டாடுனவங்க,
முடி வெட்டுனவரு, சூப்பு கொண்டாந்த பொண்ணு,
நாப்பத்திமூணு பேரத் தேடிப் புடிச்சோம்.
ஒருத்தரு லீவுக்கு ஏதோ தீவுக்குப் போயிட்டாரு.
அங்கயும் போன் போட்டோம்ணா."

நாற்பத்து மூன்று.
படுத்தபடியே அந்த எண்ணைப் பார்த்தேன்.
தன்பாத் வண்டியின் பொதுப்பெட்டியில்
திருப்பூரிலிருந்து இரண்டு ராத்திரி
நின்றும் தொங்கியும் போகிறவர்கள்
எத்தனை பேர் இருப்பார்கள்?
சன்னல் திறந்திருந்தால் சரி.

ரமீஜா அப்போதே
ஒடிசாவில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தபடி இருந்தார்.
அவருக்கு இந்தி வராது.
எங்கள் பக்கவாசல் படியில் நின்று
ஒரு காதைப் பொத்திக்கொண்டு
"நாயக், மாத்திரை. நாயக், மாத்திரை" என்று கத்துவார்.
மூன்றாம் வாரம் மறுமுனையில் யாரோ
"ஹாங், ஹாங், நாயக்" என்றார்களாம்.

எந்த நாயக் என்று கேட்பதற்குள்
லைன் போய்விட்டது.
ரமீஜா மறுபடி நம்பரை அழுத்தினார்.
நான் உள்ளே போய்
அடுத்தவரைக் கூப்பிட்டேன்.